வரிசைக்கு வெளியே நின்றவர்

அவரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் குமட்டிக்கொண்டு வருகிறது. எழுபதைத் தாண்டிய ஒருத்தி இப்படி ஆரம்பிக்கக் கூடாதுதான். போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லவேண்டும் என்பார்கள். அவர் போய்ச் சேர்ந்தாரா, எங்கேயாவது யாரையாவது உற்றுப் பார்த்துக்கொண்டு இன்னும் உட்கார்ந்திருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. அதனால் அந்தக் கட்டாயம் எனக்கில்லை. அவர், இவர் என்று மரியாதை கொடுத்து எழுதுவதுகூடக் கைப்பழக்கம்தான்.

எழுபதுகளின் ஆரம்பம். மந்தைவெளியில் ஆறு போர்ஷன் கொண்ட ஒரு வீட்டில் நானும் அம்மாவும் பின்கட்டில் குடியிருந்தோம். அப்பா இல்லை. நான் டெலிபோன் ஆபரேட்டர். மாடியில் தனியாக நின்ற ஒற்றை அறை அவருடையது. அறைக்குப் போகும் படிக்கட்டு எங்கள் சமையல்கட்டு ஜன்னலை ஒட்டித்தான் ஏறும். ஒரு மருத்துவக் கல்லூரியில் அவருக்கு வேலை. மாணவர்கள் பரிசோதனை செய்யத் தவளைகளைத் தயார்செய்து கொடுப்பார். தவளையின் பின்கழுத்தில் ஊசியை இறக்கி ஒரு சுழற்றுச் சுழற்றினால் மூளை கூழாகிவிடும், ஆனால் காலைக் கிள்ளினால் உதைக்கும் என்று, அம்மா கொடுத்த காப்பியை உறிஞ்சிக்கொண்டே சொல்வார். வீட்டில் எல்லோரும் அவரைப் புரொபசர் என்றார்கள். அவர் புரொபசர் இல்லை. ஒருநாளும் திருத்தியதும் இல்லை.

முப்பத்தைந்து வயது இருக்கும். சுத்தமான ஆள். நகத்தை ஒட்ட வெட்டியிருப்பார், வேட்டி பளிச்சென்று இருக்கும், நெற்றியில் விபூதி. பக்கத்தில் வந்தால் மட்டும் விபூதி வாசனைக்கு அடியில், உடல்கள் கெடாமல் ஊறப்போடும் ஃபார்மலின் வாசனை வரும். மூக்கின் உள்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும் வாசனை அது. அவர் உட்கார்ந்து எழுந்த நாற்காலியை அம்மா பார்க்காதபோது நான் ஈரத்துணியால் துடைப்பேன். அந்த மூக்கை நான் அப்போதே நம்பியிருக்க வேண்டும்.

அவர் அறை ஜன்னலில் ஓர் ஊறுகாய் பாட்டில் இருந்தது. அதற்குள் மங்கலான தண்ணீரில் வெளுப்பாக, மடிப்பு மடிப்பாக ஒன்று மிதந்தது. ஆட்டு மூளை. கறிக்கடையில் வாங்கி வந்து ஊறப்போட்டிருந்தார். வெங்காயம் வதக்கினாலே மூக்கைச் சுளிக்கிற வீட்டுக்கார மாமி ஒருநாள் வாடகை விஷயமாக மேலே போனபோது அதைப் பார்த்து, "இதென்ன?" என்று கேட்டிருக்கிறார். "காலிஃபிளவர் மாமி. வினிகர்ல போட்டிருக்கேன், இங்கிலீஷ் ஊறுகாய்" என்று இவர் சொல்லியிருக்கிறார். மாமி அதை நம்பி, கீழே வந்து எங்களிடம் புரொபசருக்கு ஊறுகாய்கூடப் போடத் தெரியும் என்று பெருமையடித்தார். பிறகு ஒவ்வொரு வாரமும் பாட்டிலை ஜன்னலின் ஓரத்துக்கு ஒரு விரற்கடை நகர்த்தி, மாமி எப்போது கண்டுபிடிக்கிறார் என்று இவர் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு எப்போதும் இருக்கும். அதில் குறித்துக்கொள்வார்.

அவருடைய குணம் மொத்தமும் இதுதான். ஒன்றை மட்டும் நகர்த்துவார். மற்ற எதையும் தொடமாட்டார். தள்ளி நின்று பார்ப்பார். நகர்த்தியதைத் திரும்ப எடுத்து வைத்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஒரு தடவை கோயில் வாசலில் அவர் செய்ததைச் சொல்கிறேன். பங்குனி மாதம், காலை பத்தரை மணிக்கே தார் இளகிக் கிடந்தது. நானும் அம்மாவும் மயிலாப்பூருக்குப் போயிருந்தோம், அவரும் கூட வந்தார். அம்மா உள்ளே போனதும், வெளியே கழற்றிப் போட்டிருந்த செருப்புகளில் இரண்டு ஜோடியை மட்டும் இடம் மாற்றி வைத்தார். என்னையும் இழுத்துக்கொண்டு பூக்கடை ஓரமாகப் போய் நின்றார். முதலில் வெளியே வந்தவர் தன் செருப்பைத் தேடிவிட்டுக் கிட்டத்தட்ட அதுபோல இருந்த வேறொரு ஜோடியை மாட்டிக்கொண்டு போனார். அந்த ஜோடிக்குச் சொந்தக்காரர் வந்து, முனகிவிட்டு, இன்னொருவருடையதை மாட்டிக்கொண்டார். அப்படியே ஏழெட்டுப் பேர். கடைசியில் ஒரு வயதானவர் வந்தார். மிஞ்சிக் கிடந்த எதுவும் அவர் காலுக்குச் சேரவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தார். அப்புறம் வெறுங்காலோடு, தாரில் இரண்டு எட்டு, நிழலில் ஒரு நிமிஷம் என்று தத்தித் தத்தி பஸ் நிறுத்தம் வரை போனார்.

"பார்த்தியா வசு? நான் தொட்டது ரெண்டு ஜோடி. அந்தப் பெரியவர் செருப்பு நான் தொட்டதே இல்லை" என்றார். கண் இரண்டும் மின்னின. நானும் சிரித்தேன். அதையும் எழுதிவிடுகிறேன். சிரிக்கும்போது எனக்குப் பெருமையாக இருந்தது, ஏதோ பெரிய ரகசியத்தில் என்னையும் சேர்த்துக்கொண்டார் என்று.

முட்டாளாக இருந்திருந்தால் இவ்வளவு ஆத்திரம் வராது. அவர் முட்டாள் இல்லை. ஒருநாள் காலை டூட்டி முடிந்து வந்தவளைப் படிக்கட்டில் நிறுத்தி, எங்கள் எக்ஸ்சேஞ்சில் ஒருத்தி லீவு போட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். அதுவரைக்கும் என் வேலையைப் பற்றி ஆண்கள் கேட்டதெல்லாம் சம்பளம் எவ்வளவு, எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவாய் என்பதுதான். நான் விவரமாகச் சொன்னேன். காலியான சீட்டின் அழைப்புகளைப் பக்கத்துச் சீட்டுக்காரி எடுப்பாள், அவளுடையதில் கொஞ்சம் அடுத்தவளுக்குப் போகும், அப்படியே தள்ளிக்கொண்டே போய்ப் பதினோரு மணிக்கு ஹாலின் மறுகோடியில் இருப்பவள் திணறுவாள். ஆள் இல்லாதது இந்தக் கோடியில், அழுகை அந்தக் கோடியில்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அதான்! அதேதான் மூளை! எங்க டிபார்ட்மெண்ட்ல ஆளுக்கு ஒரு நரம்பைப் பிடிச்சிண்டு தொங்கறா. ஒரு ஆபரேட்டரை ஆயுசு பூரா உத்துப் பார்த்தா எக்ஸ்சேஞ்ச் புரிஞ்சுடுமா? ஒவ்வொருத்தியும் தன் போர்டை மட்டும்தான் பார்க்கறா. ஊர் பூரா பேசிண்டிருக்கு. யார் பேச வெக்கறா? ஒருத்தரும் இல்லை. எல்லாரும்தான். முதல்ல இந்த மாதிரிக் கூட்டம் எப்படி வேலை செய்யறதுன்னு புரியணும். எக்ஸ்சேஞ்ச், மார்க்கெட், பஸ் ஸ்டாண்ட். அதுக்கப்புறம்தான் மூளைப் பக்கமே போகலாம்."

"அதுக்கு என்ன பண்ணப்போறேள்?" என்றேன்.

"ஒண்ணை மட்டும் மாத்திப் பார்க்கணும். எது ஆடறது, எது ஆடலைன்னு பார்க்கணும். எனக்கு லேப் குடுக்க மாட்டேங்கறா. குடுக்காட்டா போகட்டும், ஊர் பெரிசு."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு மூளையைப் பற்றிப் பத்திரிகைகளில் வருகிற கட்டுரைகளைப் படிக்கும்போது, அவர் படிக்கட்டில் நின்று சொன்னதையே பெரிய பெரிய வார்த்தைகளில் எழுதியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. படித்துவிட்டுப் பத்திரிகையை மடித்துத் தூரப் போடுவேன். சரியான விஷயத்தை ஓர் ஈனப்பிறவியின் வாயிலிருந்து முதலில் கேட்டவளுக்கு அதை ரசிக்க முடியாது.

இனி தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். அந்த வருஷம் தண்ணீர்ப் பஞ்சம். கொல்லைப்புறத்தில் ஒரே ஒரு கார்ப்பரேஷன் குழாய். விடியற்காலை நாலரைக்குக் காற்று மட்டும் உஸ் என்று வரும், ஐந்துக்குத் தண்ணீர் வரும், ஆறுக்கு நின்றுவிடும். அதற்கு முந்தின சாயங்காலமே குடங்கள் வரிசையில் உட்கார்ந்துவிடும். குடம் இருந்தால் ஆள் இருக்கிற மாதிரி. யாரும் காவல் காக்க வேண்டாம். இன்றைக்கு முதலில் பிடித்தவர் நாளைக்குக் கடைசி, மற்றவர்கள் ஓர் இடம் முன்னால் வருவார்கள். யார் வகுத்த சட்டமோ தெரியாது, எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. ஆறு குடும்பமும் சண்டை இல்லாமல் குடித்துக்கொண்டிருந்தோம்.

ஆறு போர்ஷனுக்கும் பின்னால் இரண்டு அலுமினியக் குடம் நிற்கும். அவை கன்னியம்மாவுடையவை. கன்னியம்மா எங்கள் வீட்டில் நாலு போர்ஷனுக்குப் பாத்திரம் தேய்த்தாள். கோட்டூர்புரம் பக்கம் ஆற்றங்கரையில் குடிசை. அங்கே தண்ணீர் லாரி வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. கடைசியில் இரண்டு குடம் பிடித்துக்கொள்ளலாம் என்ற பேச்சில்தான் அவள் எங்கள் வீட்டு வேலைக்கே ஒத்துக்கொண்டிருந்தாள். அப்போது அவள் மகளுக்குப் பிரசவமாகிப் பதினொரு நாள். "பச்ச ஒடம்புக்காரிய வெச்சிக்கினு கீறேன் பாப்பா. இந்த ரெண்டு கொடம் இல்லேன்னா நாறிப்பூடுவோம்" என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

இந்த வரிசையைப் பார்த்து அவர் சொக்கிப்போனார். விடியற்காலையில் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு குடங்களையே பார்ப்பார். "ஒவ்வொரு குடமும் தனக்கு முன்னாடி இருக்கற குடத்தை மட்டும்தான் தெரிஞ்சு வெச்சிண்டிருக்கு வசு. அது போதும். மொத்த வரிசையும் நிக்கறது" என்பார்.

அன்றைக்கு எனக்கு ஆறு மணி டூட்டி. ஐந்து மணிக்கு முன்பே எழுந்து, சமையல்கட்டு ஜன்னல் ஓரமாக நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் செருப்பில்லாமல் இறங்கி வந்தார். வரிசையில் இரண்டாவதாக இருந்த வீட்டுக்கார மாமியின் பித்தளைக் குடத்தைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய்க் கடைசியில் வைத்தார். கன்னியம்மாவின் அலுமினியக் குடம் ஒன்றை எடுத்துவந்து மாமியின் இடத்தில் வைத்தார். குனிந்து, மற்றக் குடங்களோடு நேராக இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்தார். விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டு மேலே போய்விட்டார். எனக்கு வாய் நிறையப் பற்பொடி நுரை. கத்தியிருக்க முடியாது. ஆனால் நுரையைத் துப்பிய பிறகும் நான் கத்தவில்லை.

குழாயில் தண்ணீர் வந்தது. மாமி வந்தார். அப்புறம் நடந்ததை ஊரே கேட்டிருக்கும்.

"என்னடி தைரியம் உனக்கு! என் குடத்தைக் கடைசில தள்ளிட்டு உன் குடத்தைக் கொண்டுவந்து வெச்சிருக்கே!"

"ஐயோ, நா இப்பத்தாம்மா வந்து நிக்கிறேன். சத்தியமா நா தொடல. எம்பொண்ணு மேல ஆணையாத் தொடல."

"பின்னே குடத்துக்குக் காலா முளைச்சிருக்கு? போனாப் போறது, பிள்ளை பெத்தவளை வெச்சிண்டிருக்கான்னு விட்டா, இடத்தையே பிடுங்கறியா? இன்னிலேர்ந்து இந்தக் குழாய்ப் பக்கம் நீ வரக் கூடாது. வேலைக்கும் வேண்டாம்."

மாமி அந்த இரண்டு அலுமினியக் குடத்தையும் தூக்கிக்கொண்டுபோய்த் தன் ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டினார். மற்ற மூன்று போர்ஷன்காரர்களும் மாமிக்குப் பயந்து கன்னியம்மாவை நிறுத்திவிட்டார்கள். அவள் வெறுங்கையோடு வாசலைத் தாண்டும்போது என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எனக்கு ஆறு மணி டூட்டி, பஸ் போய்விடும். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். "கார்த்தால குழாயடில என்னமோ கலாட்டாவாமே. நீ எதாவது பார்த்தியா?"

"சத்தம் கேட்டுது" என்றேன்.

"ம்" என்றார். சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து, ஏதோ எழுதி, திரும்பப் பையில் வைத்துக்கொண்டார். நான் ஏன் சொல்லவில்லை? அவரைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. அதைவிடக் கேவலமான காரணமும் உண்டு. அவர் என்னோடு பேசும் அந்தப் படிக்கட்டுப் பேச்சு நின்றுபோய்விடுமோ என்று பயம். இருபத்துநாலு வயதில் ஒருத்திக்கு அறிவாளி என்று பெயர் வாங்கவேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால், கண் எதிரே நடப்பதுகூட மறைந்துபோகும்.

அதற்குப் பிறகு வரிசை வரிசையாக இல்லை. எல்லோரும் நாலு மணிக்கே குடத்தின் பக்கத்தில் ஆளை உட்காரவைத்தார்கள். மூன்றாம் போர்ஷன்காரர் சைக்கிள் சங்கிலியைக் குடத்தின் கழுத்தில் மாட்டிக் துணிக்கொடிக் கம்பத்தோடு பூட்டினார். அவரும் ஐந்தாம் போர்ஷன்காரரும் பல வருஷமாக ஒரே தினசரியைப் பாதிப் பாதியாகப் பிரித்துப் படித்துவந்தார்கள். அது நின்றது. ஐந்தாம் போர்ஷன் குழந்தைக்கு ஜுரம் வந்தபோது யாரும் எட்டிப் பார்க்கவில்லை. புரொபசர் ஒவ்வொன்றையும் என்னிடம் வந்து சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். "குழாயடில ஒரு இடி. வலி எங்கே தெரியறது பார், நியூஸ் பேப்பர்ல! ஒரு பேஷண்ட் தலைல பட்டாணி அளவு காயம் பட்டாப் பேச்சு போயிடறது, அந்த இடத்துல பேச்சு இருந்ததுன்னு டாக்டர்கள் எழுதி வெக்கறா. அப்போ அந்தப் பித்தளைக் குடத்துக்குள்ள நியூஸ் பேப்பர் இருந்ததா என்ன?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

கன்னியம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை அதில் இல்லை. அவள் வரிசையைவிட்டுப் போய்விட்டாள், அதனால் கணக்கிலிருந்தும் போய்விட்டாள்.

ஒரு வாரம் கழித்து அவர் அம்மாவிடம், "உங்க பொண்ணு ஜாதகம் இருந்தா குடுங்கோ மாமி" என்றார். அம்மா அன்றைக்குப் பால் பாயசம் வைத்தாள். எனக்கு உள்ளே எங்கேயோ உறுத்தியது. ஆனால் சந்தோஷப்பட்டேன். ஃபார்மலின் வாசனை பழகிவிடும் என்றுகூட நினைத்தேன். எழுதும்போது என் வாயை நானே கழுவ வேண்டும் போலிருக்கிறது.

இதற்கிடையே பால்காரர் ஒருநாள் சொன்னார். கன்னியம்மா வேறு வீடு தேடி அலைகிறாளாம், அவள் வெளியே போன நேரத்தில் மகள் லாரித் தண்ணீருக்குத் தூரமாக நடந்துபோய்ச் சுமந்திருக்கிறாள், உதிரப்போக்கு நிற்காமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று. அப்போதும் நான் சொல்லவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்று அம்மா ரவையை வறுத்து வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை அவருடைய அக்காவும் அத்திம்பேரும் வந்தார்கள். வீட்டுக்கார மாமியும் மரியாதைக்கு வந்து உட்கார்ந்தார். சொஜ்ஜி, பஜ்ஜி, காப்பி. அவருடைய அக்கா, இவ்வளவு பெரிய வீட்டில் வேலைக்காரி கிடையாதா என்று கேட்டாள். மாமிக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. குடத்தை நகர்த்திய திருட்டுக் கழுதையைத் தான் எப்படி விரட்டினார் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். நான் புரொபசரைப் பார்த்தேன். வாழைக்காய் பஜ்ஜியை மென்றுகொண்டு, தலையை ஒருபக்கம் சாய்த்து, முதன்முதலாகக் கேட்பவர் போலக் கேட்டுக்கொண்டிருந்தார். உதட்டோரம் எண்ணெய் மின்னியது. நான் கையிலிருந்த பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்தேன்.

"மாமி, குடத்தை நகர்த்தினது கன்னியம்மா இல்லை. இவர்தான். நான் என் கண்ணால பார்த்தேன்."

அம்மா, "வசு!" என்றாள். அவர் கைக்குட்டையை எடுத்து விரல் விரலாக எண்ணெயைத் துடைத்தார். பையிலிருந்து நோட்டை எடுத்து ஒரு பக்கத்தைப் புரட்டினார்.

"இருபத்தாறு நாள்" என்றார். "நான் நாப்பது போட்டிருந்தேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். "அன்னிக்கே நீ ஜன்னல்ல நின்னதைப் பார்த்துட்டேன். சாயங்காலம் கேட்டேன், நீ மழுப்பினே. அப்பத்தான் தோணித்து, குடத்தைவிட இது பெரிய விஷயம்னு. பார்த்தவ ஒருத்தி வாயைத் திறந்தா எல்லாம் பழையபடி ஆயிடும். ஏன் திறக்கலை? எத்தனை நாள் திறக்காம இருப்பே? ஜாதகம் கேட்டா நாள் கூடுமா, குறையுமா? கூடும்னுதான் நாப்பது போட்டேன்." நோட்டை என் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். எக்ஸ்சேஞ்சைப் பற்றிச் சொன்ன அன்றைக்கு மலர்ந்த அதே முகம். "கோபப்படாதே. உன்னைப் பத்தி மட்டும் முப்பது பக்கம் எழுதியிருக்கேன். கல்யாணத்துக்கு நான் சம்மதம்னுதான் சொல்றேன்."

அவருடைய அக்கா சிரித்தாள். "சின்ன வயசுலேர்ந்து இவன் இப்படித்தான். விளையாட்டுப் புத்தி."

"நீங்க எங்கே நின்னுண்டு இதையெல்லாம் பார்த்தேள்?" என்று கேட்டேன்.

"நானா? வெளியில. பார்க்கறவன் வெளியிலதானே நிக்கணும்."

"தினம் மேல எடுத்துண்டுபோய்க் குடிக்கறேளே ஒரு கூஜாத் தண்ணி, அது எங்கேர்ந்து வர்றது? எங்கம்மா வரிசைல நின்னு பிடிச்ச தண்ணி. நீங்க என்னிக்கு வெளியில நின்னேள்?"

அவர் பேனாவைத் திறந்து அதையும் எழுதிக்கொள்ள ஆரம்பித்தார். நான் அவர் முன்னால் இருந்த காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டுபோய் முற்றத்தில் கொட்டினேன். சுவரெல்லாம் தெறித்தது. அம்மா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

வீட்டுக்கார மாமி மன்னிப்புக் கேட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? "புரொபசர் எதாவது காரணமாத்தான் பண்ணியிருப்பார். அதுக்காக அவளும் யோக்கியம்னு ஆயிடுமா?" என்றார். குடங்களை மட்டும் ஸ்டோர் ரூமிலிருந்து எடுத்து வெளியே வைத்தார். இவர் அடுத்த மாதம் அறையைக் காலிசெய்துகொண்டு அடையாறு பக்கம் போனார். போகும்போது ஊறுகாய் பாட்டிலை ஜன்னலிலேயே விட்டுவிட்டார். மறந்திருக்கமாட்டார். மாமி அதைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூன்று நாள் சாப்பிடவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு அவர்மேல் கோபமில்லை.

நான் கன்னியம்மாவைத் தேடிப் போனது, அந்தப் பஜ்ஜி வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் காலையில். இரண்டு குடத்தையும் எங்கள் போர்ஷன் பங்கிலிருந்து நிரப்பி, ரிக்‌ஷாவில் வைத்துக்கொண்டு போனேன். ஆற்றங்கரையில் நாலு பேரை விசாரித்துக் குடிசையைக் கண்டுபிடித்தேன். மகள் முந்தினநாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். வெளுத்துப்போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னியம்மா என்னைப் பார்த்ததும் எழுந்துவந்து, "வா பாப்பா, உள்ள குந்து. இன்னா இவ்ளோ தூரம்?" என்று சிரித்தாள்.

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நகர்த்தியது மாடியில் இருக்கிற ஆள் என்றேன். மாமியிடம் சொல்லிவிட்டேன், குடத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன் என்றேன். கன்னியம்மா மகளைத் திரும்பிப் பார்த்து, "நாந்தான் சொன்னேன்ல, நா தொடலன்னு" என்றாள். கண்ணில் தண்ணீர் கட்டியது. அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"உனுக்கு எப்பத் தெரியும் பாப்பா?"

பொய் சொல்லியிருக்கலாம். நேற்றுத்தான் தெரிந்தது என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். எனக்குக் காப்பிகூடப் போட்டுக் கொடுத்திருப்பாள்.

"அன்னிக்கே. நான் ஜன்னல்ல நின்னுண்டிருந்தேன்."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "அந்த ஆளு எனுக்கு யாரு? அவன வுடு" என்றாள். "உனுக்குத் தெரியும்ல, எம்பொண்ணு பச்ச ஒடம்புன்னு. உன்னாண்டதான சொன்னேன்."

ரிக்‌ஷாவிலிருந்து இரண்டு குடத்தையும் அவளே இறக்கினாள். நான் பிடிக்கப் போனபோது கையை விலக்கிவிட்டாள். தண்ணீர் சிந்தாமல் ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோய் வைத்தாள். கதவுக்குப் பதிலாகத் தொங்கிய கோணிச்சாக்கை இழுத்துவிட்டாள். உள்ளே குழந்தை அழுதது, அவள் அதைச் சமாதானப்படுத்துவது கேட்டது. ரிக்‌ஷாக்காரர் போகலாமா என்று கேட்டார். நான் வெளியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.